ஆகாசத்துக்குத் தோஷமில்லை

என் அப்பா ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் விமானத்தில் ஏறினார். அது பறந்ததா இல்லையா என்ற கேள்வியில் என் கல்யாணம் தொங்கியது.

அப்பா பாரிமுனையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமை குமாஸ்தா. துரை தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அந்தத் துரைக்கு ஒரு பழைய கடல் விமானத்தின் மேல் பைத்தியம். சக்கரத்துக்குப் பதிலாக அடியில் இரண்டு மிதவைகள். தண்ணீரிலிருந்தே எழும்பும், தண்ணீரிலேயே இறங்கும். சீமையில் பந்தயத்துக்காக, ஒரே ஆள் உட்காரும்படி இலேசாகச் செய்தது. ஜெர்மன் சண்டை வந்ததும் கடற்படைக்காரர்கள் அதன் தலையில் துப்பாக்கியை ஏற்றி, வயிற்றில் குண்டைக் கட்டிவிட்டார்கள். பந்தயக் குதிரையைக் கட்டை வண்டியில் பூட்டின புத்திசாலிகள். காயலான் கடைக்குப் போகவேண்டிய அதைத் துரை வாங்கி இங்கே கொண்டுவந்தார். துப்பாக்கி போயும் அதைத் தாங்கிய இரும்பெல்லாம் அப்படியே இருந்தது. பின்னால் ஒரு பலகையைப் போட்டு, அப்பாவைக் கூட வரச் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல அப்பாவுக்கு முதுகெலும்பு ஏது?

அப்போது எனக்கு நிச்சயமாகியிருந்தது. பையன் அடுத்த தெரு, பி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்க வந்த இடத்தில், என்ன புத்தகம் படிப்பாய் என்று என்னைக் கேட்டவன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? அவன் அப்பாதான் தண்ணீரைக்கூடக் கழுவிக் குடிக்கிற ரகம். விமானச் சேதி காதில் விழுந்ததும், கடல் தாண்டினவர் வீட்டில் சம்பந்தம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாஸ்திரிகளை வரவழைத்து அரை நாள் அலசினார்கள். கப்பலில் போனால்தான் தோஷம், வானத்தில் போவதற்குத் தடை எதுவும் எழுதப்படவில்லை என்று முடிவாயிற்று.

“ஆகாசத்துக்குத் தோஷமே கிடையாது. பேஷா போய்ட்டு வாங்கோ” என்றார் சம்பந்தி, எங்கள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டே.

நொச்சிக்குப்பம் கரையில் மயிலாப்பூரே கூடிவிட்டது. பெண்கள் நாங்கள் ஒதுங்கி நின்றோம். அப்பா பஞ்சகச்சம், கோட்டு, தலைப்பாகை சகிதம் வந்தார். அமாவாசை, பௌர்ணமி மாதிரி பர்வ நாள் இல்லாமல் சமுத்திரத்தைத் தொடக்கூடாதாம். அதனால் குப்பத்து மீனவர் ஒருவரின் தோளில் உட்கார்ந்து விமானத்துக்குப் போனார். அந்தத் தோளுக்கு மட்டும் அன்றைக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

விமானம் காது கிழிய இரைந்து ஓடியது. எழும்பவில்லை. துரை திருப்பி மறுபடியும் ஓட்டினார். எழும்பேன், சனியனே, ஒரு சாண் எழும்பேன் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை இரும்பையும் அப்பாவின் தொந்தியையும் சுமந்துகொண்டு அது எங்கே எழும்பும்? வாத்து மாதிரி தண்ணீரை அடித்துக்கொண்டு சாந்தோம் பக்கம் போய்த் திரும்பி வந்து சேர்ந்தது.

அப்பாவைத் தூக்கிவந்து மணலில் இறக்கிய மீனவர், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: “இன்னா சாமி, மேலயே போவலியே? தண்ணிலயே ஓடிக்கினு கீது.”

சம்பந்தியின் முகம் மாறியது. “அப்போ இது சமுத்திர யாத்திரையான்னா ஆயிடுத்து” என்றார்.

நடுவில் ஒரு முழம் எழும்பியது, தன் வயிற்றுக்கே தெரிந்தது என்று அப்பா கெஞ்சினார். சம்பந்தி தன் பிள்ளையிடம் திரும்பி, நீ பார்த்தாயா என்று கேட்டார். நான் அவன் முகத்தையே பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

“எழும்பலைப்பா” என்றான், மண்ணைப் பார்த்துக்கொண்டு. மகா அரிச்சந்திரன்!

அன்று சாயங்காலமே நிச்சயதார்த்தப் புடவையைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. நான் அதை மடிக்காமலே சுருட்டிக் கொடுத்தேன். அப்பா மறுநாளே ஆபீசில் தான் பறந்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

சில வருஷம் கழித்து அந்த அரிச்சந்திரன் பாரிஸ்டர் படிப்புக்குச் சீமைக்குக் கப்பலேறினான். துறைமுகத்தில் ஆளுயர மாலையோடு நின்று வழியனுப்பியவர் அவன் அப்பா. பத்திரிகையில் படமும் வந்தது. அதை அப்பாவின் முன்னால் நீட்டினேன்.

“இந்தக் கப்பல் பறந்துண்டா போறது, அப்பா?”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, நிஜமாகவே படத்தை உற்றுப் பார்த்தார்.