மஞ்சள் புள்ளி விழுந்த கேசட் கூடுகள்

மிஷின் கதவைத் திற, பீஸை எடு, கதவை மூடு, பிசிறை அறு, திருப்பிப் பார், கூடையில் போடு. பத்தொன்பது வருடமாக இதுதான் என் பொழப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட ஷெட்டில் எங்களுக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் மிஷின். ஓட்டுவது என் வீட்டுக்காரர். வந்து விழுகிற பீஸைச் சோதித்து நல்லது கெட்டது பிரிப்பது நான். மிக்ஸி மூடியோ சுவிட்ச் பெட்டியோ, எது வந்தாலும் எனக்கு ஒன்றுதான். எதைச் செய்தாலும் சாயந்தரம் வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கும்.

போன வருடம் வந்த வேலை வீடியோ கேம் கேசட்டுக்குக் கூடு செய்வது. கொண்டுவந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், முகப்பேரில் ஃபிளாட், கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். சின்ன வயதில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து விளையாடினோமே, அந்தப் பழைய கேசட்டுகளைத் தேடி வாங்கிப் பழுது பார்த்து, ஆசைப்படுகிறவர்களுக்கு விற்கிறாராம். உள்ளே இருக்கும் போர்டு இன்னும் நன்றாக ஓடுகிறதாம், வெளிக்கூடுதான் உடைந்துபோகிறதாம். கறுப்பு நிறத்தில் மூவாயிரம் மாற்றுக் கூடு வேண்டும் என்றார். நல்ல சம்பளம் வாங்குகிற மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தேன். முகத்திலும் அது தெரிந்திருக்கும்.

மாதிரிக்கு அவர் கொடுத்தது ஒரு மஞ்சள் கூடு. நிறம் மங்கி, ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. இரண்டு பாதியையும் பிரித்து உள்பக்கத்தைக் காட்டினார். காம்பஸ் முனையால் கீறிய கோடுகள், மேலும் கீழுமாக இரண்டு வரிசை.

"எங்க அண்ணனும் நானும் போட்டது அக்கா. ஜெயிச்சவங்களுக்கு ஒரு கோடு. மேல இருக்கது அண்ணனுக்கு, கீழ இருக்கது எனக்கு."

அந்த அண்ணன் இருப்பது பூந்தமல்லியில். ஊரில் அப்பாவின் வீட்டைப் பிரிக்கும்போது வார்த்தை தடித்து, ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. ஒரு மணி நேர தூரத்தில் இருந்துகொண்டு ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதித்ததில்லை.

"வர்ற தீபாவளிக்கு நானே போயி இதை அவங்க கையில கொடுத்து, 'நீதாண்ணே ஜெயிச்ச, ஒரு கோடு உனக்குத்தான் கூட'ன்னு சொல்லப் போறேன். வேற எப்படிப் பேச்சை ஆரம்பிக்கன்னு எனக்குத் தெரியலக்கா. புதுக் கூடு லேட்டானாக்கூடப் பரவால்ல. இதை மட்டும் பத்திரமாத் தந்துருங்க."

மாதிரி இல்லாமல் வேலை ஓடாது. மணிக்கு ஒரு தடவை புதுப் பீஸைப் பழைய கூட்டோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஸ்க்ரூ உட்காராது. அதனால் மாதிரியைக் கம்பியில் கட்டி மிஷினுக்கு மேல் தொங்கவிடுவோம். தொங்குவதை யாரும் கழிவோடு சேர்க்க மாட்டார்கள். என் மேஜைக்கு வருவதோ, ஒன்று கூடைக்குப் போகும், இல்லையென்றால் கழிவை அரைக்கிற கிரைண்டருக்குப் போகும். நடுவில் வேறு போக்கிடம் கிடையாது.

இரண்டு வாரம் நாள் முழுக்க அந்தக் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேண்டாமென்றாலும் கண் எண்ணும். மேலே பதினேழு, கீழே பதினாறு.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஷெட்டைக் கழுவி விடுவோம். பழைய கழிவு ஒரு துண்டுகூட பூஜைக்குத் தங்கக் கூடாது என்பது எங்கள் ஷெட்டில் கட்டாயம். ரிஜெக்ட் ஆனது, உடைந்தது, பிசிறு எல்லாவற்றையும் கிரைண்டரில் கொட்டிக் குருணையாக்கிவிட வேண்டும். அன்றைக்கு மிஷினைத் துடைப்பதற்காக வீட்டுக்காரர் கம்பியை அவிழ்த்து, கூட்டை என் மேஜைமேல் வைத்தார். வைத்தவர் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். நானாவது நின்று பார்த்திருக்கலாம். எங்கே நிற்பது? காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூலையில் விரிசல், நிறம் மங்கல் என்று கைக்குத் தெரிந்தது. மற்ற கழிவோடு அள்ளி கிரைண்டரில் போட்டுவிட்டேன்.

பூஜை அன்று மிஷினுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி சாப்பிட்டோம். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மறுநாள் காலையில் மிஷின் ஓடத் தொடங்கியது. மிஷின் சூடேறி நிதானத்துக்கு வரும்வரை புதுக் குருணையை வீணாக்க மாட்டோம், அரைத்து வைத்ததைத்தான் போடுவோம். வந்து விழுந்த கறுப்புக் கூடுகளில் அங்கங்கே மஞ்சள் புள்ளி.

"எந்த மவராசன்யா கறுப்புல மஞ்சளக் கலந்தது?" என்று கத்திக்கொண்டே நிமிர்ந்தேன். மிஷினுக்கு மேலே வெறும் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

"கூடு எங்கய்யா?"

"ஒன் மேசமேலதான வச்சேன்" என்றார் வீட்டுக்காரர். "இன்னா ஆச்சு? ஏன் இப்டி நிக்கிற?"

"ஐயோ, அரச்சிட்டேன்யா."

அவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "ஊட்டுல எங்கியோ கீது, தேடிகினு கீறோம்னு சொல்லிரு. தீபாவளி தாண்டிச்சுன்னா அந்தாளே மறந்துருவாரு."

"வாய மூடுய்யா! ஆறு வருசமா மறக்காம கீறாரு அந்தாளு."

மற்ற நாளாக இருந்தால் புள்ளி விழுந்ததை எல்லாம் யோசிக்காமல் தூக்கி எறிந்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு கூடாக வெளிச்சத்தில் பிடித்துப் புள்ளி இருப்பதைத் தேடித் தேடி எடுத்துத் தனிப்பையில் போட்டேன். சுத்தமாக வந்ததை ஓரமாகத் தள்ளினேன். என் வேலையையே தலைகீழாகச் செய்த நாள் அது.

சனிக்கிழமை அவர் வந்தார். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை.

"தம்பி, உங்க மஞ்சக் கூட்ட நான் அரச்சிட்டேன். வேணும்னு பண்ணல. கழிவோட கழிவா அள்ளிப் போட்டுட்டேன். இதோ, இந்தப் புள்ளிங்கதான் அது."

அவர் ஒரு கூட்டை எடுத்துப் பார்த்தார். பிரித்து உள்பக்கத்தையும் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"கோடு?" என்றார்.

"இல்ல தம்பி."

குருணை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது. திட்டவில்லை. "இனி எதைக் கொண்டுக்கிட்டுப் போயி அங்க நிப்பேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கா, அவருக்கேவா, தெரியவில்லை. புள்ளி விழுந்த கூடு ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவரை நான்தான் கூப்பிட்டேன்.

"மேல பதினேழு, கீழ பதினாறு தம்பி. தெனமும் பாத்தேன். யாரு கேட்டாலும் நான் சொல்றேன்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் போவார் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தோம். அடுத்து டார்ச் லைட் மூடி வந்தது. தோள்பட்டை அதற்கும் வலித்தது.

தீபாவளி அன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்த அசதியில் தரையில் சாய்ந்திருந்தேன். போன் அடித்தது.

"அக்கா, பூந்தமல்லியில இருந்து பேசுதேன். எங்க அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

எழுந்து உட்கார்ந்தேன். கனத்த குரல் ஒன்று வந்தது. "கூட்டை அரைச்சவங்க நீங்கதானாம்மா?"

"ஆமாங்க. மன்னிச்சுக்கங்க. தப்பு எம்மேலதான்."

"அது கெடக்கட்டும். மேல எத்தனை கோடு இருந்துச்சு?"

"பதினேழுங்க. கீழ பதினாறு. நல்லா எண்ணியிருக்கேன்."

எங்கோ சரவெடி ஒன்று வெடித்து ஓய்ந்தது.

"அந்தப் பதினேழாவது கோடு அவன் தூங்கும்போது நானாக் கீறுனதும்மா" என்றார் அண்ணன். "இவன் வந்து நின்னதும் 'நீதாண்ணே ஜெயிச்ச'ன்னு சொல்லுதான். கூடும் இல்ல. இப்பவும் நான் வாயத் தெறக்கலன்னா, நீங்க எண்ணுனதே நெசமாயிரும். அதான் உங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

பின்னால் தம்பியின் சத்தம் கேட்டது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. போன் வைக்கப்பட்டது.

அந்தக் கோட்டை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வரிசையின் கடைசியில், மற்றதைவிட மெலிசாக, கொஞ்சம் சாய்ந்து இருக்கும். கை சோர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பார்த்துப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிறவள், அதில் மட்டும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

"யாரு போன்ல? இன்னா சொல்றாங்க?" என்றார் வீட்டுக்காரர், வாயில் அதிரசத்தோடு.

"பதினாறுக்குப் பதினாறாம்யா. சமமாம்" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.