பீச்சி விடாத பால்

நான் வேலை செய்கிற இடத்துச் சூடு என் பாலில் இறங்குமா? இறங்காது என்று படித்திருக்கிறேன். இருந்தும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் போடும்போது, அதை என்னால் அழுத்திச் சொல்ல முடிவதில்லை.

வில்லியனூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. பேட்டரி ஆட்டோக்களுக்குக் கண்ட்ரோலர் செய்கிறோம். பேட்டரியின் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி அது. புதிய பெட்டியில் சிலிக்கான் கார்பைடு சிப் இருக்கிறது. பழைய சிலிக்கான் சிப் சோர்ந்துபோகிற சூட்டிலும் இது அசராமல் ஓடும். பெட்டியை ஓவனுக்குள் வைத்து, மோட்டாருக்குப் பாரம் கொடுத்து ஓடவிட்டு, எந்தப் பாகம் முதலில் கெட்டுப்போகிறது என்று பார்ப்பது என் பொறுப்பு. பகலில் பிள்ளையை என் நாத்தனார், கணவரின் அக்கா, பார்த்துக்கொள்கிறார். மதகடிப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவிலேயே அவர் வீடு. அவர் மாட்டேன் என்றால் எனக்கு வேலை இல்லை.

அன்று மேனேஜர், பெட்டியைச் சின்னதாக்க வேண்டும், சூட்டை வெளியே விடுகிற அலுமினிய ஃபின்களைக் குறைத்துவிடலாம் என்றார்.

"சிப்புதான் தாங்குதேம்மா. அதுக்குத்தானே இத போட்டோம்."

"சிப்பு தாங்கும் சார். பக்கத்துல ஒட்டிக்கினு இருக்கற கெபாசிட்டர் தாங்காது."

"கொழந்த பெத்துட்டு வந்ததுலேருந்து எல்லாத்துக்கும் பயப்படற நீ" என்று சிரித்தார்.

உண்மையாக இருக்குமோ என்று சாப்பிடும்போதும் யோசித்தேன். ஆனாலும் சம்மதிக்கவில்லை. ஃபின் குறைத்த பெட்டியை ஓவனில் ஓட்டிக் காட்டினேன். சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்டைத் தேக்கி வைத்துக் கொடுக்கிற கெபாசிட்டர் தலை புடைத்துப் பெட்டி நின்றுபோனது. ஆறிய பிறகு மேனேஜர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஃபின்னு இருக்கட்டும்" என்றார்.

பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் நாத்தனார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மத்தியானத்திலிருந்து மகளுக்கு வயிற்றுப்போக்கு. நான் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"மொதப் பால பீச்சி உட்டுட்டு வா. சூட்டுப் பாலு அது."

வெயிலில் கரும்புக் கொல்லைக்குப் போய் வந்த பெண்கள் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். கொஞ்சம் பாலைத் தரையில் பீச்சிவிட்ட பிறகுதான் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்.

"அண்ணி, நான் ஓவனுக்குள்ளயா போறேன்? வெளிய நின்னு கம்ப்யூட்டர்ல பாக்கறேன். ரூமுல ஏசி ஓடுது."

"இன்னாடி ஏசி. நாள்பூரா எதையோ வறுத்துக்கினு கெடக்கற. ஒனக்கு ஒண்ணும் ஆவாது, நீ தாங்குவ. ஒட்டிக்கினு இருக்கறது தாங்குமா?"

மேனேஜரிடம் நான் சொன்ன அதே பேச்சு.

"வேலைய உடு, இல்லனா பால மறக்கடி. ரெண்டையும் வெச்சிக்கினு எங்கிட்ட புள்ளய உடாத."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர், "கொஞ்சூண்டுதானே, அக்கா சொல்றத கேட்டுடேன்" என்றார்.

கொஞ்சம்தான். ஆனால் அதைப் பீச்சிவிட்டால், என் வேலை பிள்ளைக்கு ஆகாது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிள்ளையை நானே எட்டி வாங்கி, அவர்கள் எதிரிலேயே முந்தானையால் மூடிக்கொண்டு கொடுத்தேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். நர்ஸ் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, பாலை நிறுத்தவே கூடாது என்றார்.

"அந்த நர்ஸு புள்ள பெத்துச்சாமா?" என்றார் நாத்தனார்.

மகளுக்குச் சரியானதும் அவளைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றேன். கை நீட்டி வாங்கிக்கொண்டார். இப்போதும் தினம் சாயங்காலம் கேட்கிறார்.

"பீச்சினியா?"

"இல்ல அண்ணி."

"திமிரு."

திமிர்தான். ஆனால் பிள்ளை லேசாக முனகினாலும் பீச்சிவிட என் கை மாரில் போய் நிற்கிறது, கையை இழுத்துக்கொள்கிறேன். கெபாசிட்டரை ஓவனில் வைத்துக் காட்டினேன். இதை எதில் வைத்துக் காட்டுவது?

பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மனுஷியைப் பகைத்துக்கொள்ளாமல், பாலையும் வேலையையும் விடாமல் ஓட்டிய தாய்மார்கள் யாராவது இருந்தால், அந்த "பீச்சினியா"வுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். வேலையை விடு என்று மட்டும் எழுதாதீர்கள். அதை இங்கேயே கேட்டாயிற்று.