விசிறி மாறிச் சுழன்ற ஞாயிறு

காலி வீதியில், பம்பலப்பிட்டிச் சந்திக்குச் சற்று முன்னால், அந்தச் சின்ன நீலக் காரின் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. முன்மூடியின் இடுக்கால் ஆவி கிளம்ப, காரை ஓரங்கட்டி இறங்கினேன். ரேடியேற்றருக்குப் பின்னால் நான் காலையில் வயர் கொடுத்த இரண்டு மின்விசிறிகளும் நன்றாகச் சுழன்றுகொண்டுதான் இருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அது அத்தானின் கார். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் வைத்துத் தன் கையாலேயே பூட்டி முடித்தவர். இரண்டு வருடம் அக்காவை அதில் ஏற்றிக்கொண்டு திரிந்தார். பிறகு பாரிசவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போயின. பேச்சுப் பயிற்சிக்குச் சில மாதங்கள் போனார்கள். பலனில்லை என்று அக்கா நிறுத்திவிட்டாள். நாங்கள் கதைப்பது அவருக்கு விளங்குகிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. மெல்ல மெல்ல, அவரை வைத்துக்கொண்டே, அவர் அங்கே இல்லாதவர் போல அவரைப் பற்றிக் கதைக்கப் பழகிவிட்டோம். அதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

"காரை ஓட ஆளில்லை. எலி வேற விசிறி வயரெல்லாத்தையும் கடிச்சுப் போட்டுது. வித்துப்போடுவம்" என்றாள் அக்கா ஒருநாள், அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே. வாங்குவதற்கு ஒருவர் ஆயத்தமாக இருந்தார். ரேடியேற்றர் விசிறிகள் வேலை செய்தால் எடுப்பதாகச் சொன்னார். நான் கொட்டாஞ்சேனையில் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். "இதென்ன பெரிய வேலை? ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து தாறன்" என்றேன்.

செய்தேன். தடித்த வயர் இழுத்து, பியூஸ், ரிலே எல்லாம் புதிதாகப் போட்டேன். எஞ்சின் சூடானதும் விசிறிகள் தாமாகவே சுழன்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் கதிரையில் இருந்து நான் வயர் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தான் அப்போது, "மாறி... மாறி..." என்றார். நோய்க்குப் பிறகு அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் சொல் அது. "சேட்டு மாத்தச் சொல்லுறார் போல" என்று அக்கா உள்ளே போய் வேறு சட்டையொன்று கொண்டுவந்தாள். அவர் அதைத் தட்டிவிட்டு, இடக்கையால் கதிரையை ஓங்கி அடித்தார். வெயில் தாங்காமல் கோபப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து, மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் திரும்பி வந்தேன். "விசிறி மோட்டருக்கு வலு காணாது போல, அக்கா."

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க, அத்தான் எழும்பினார். பத்திரிகைத் தாளொன்றைக் கமுக்கட்டில் செருகி, ஊன்றுகோலை ஊன்றி, ஒவ்வோர் அடியாகக் காருக்கு வந்தார். உடம்பை மட்கார்டில் சாய்த்து, ஸ்டார்ட் பண்ணும்படி எனக்கு நாடியை நிமிர்த்திக் காட்டினார். விசிறிகள் சுழன்றதும் தாளைக் காரின் முன்வலையில் வைத்துக் கையை எடுத்தார். ஒட்டிக்கொள்ளவேண்டிய தாள் பறந்து தெருப்பக்கம் விழுந்தது.

விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கவில்லை, வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. வீட்டு மின்விசிறிக்கு இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் அது ஒரே பக்கம்தான் சுழலும். கார் பற்றரியில் அப்படியில்லை. வயர் மாறினால் சுழற்சியும் மாறும். இத்தனை வருடத் தொழிலில் அது எனக்குத் தோன்றவில்லை.

"வயர் மாறிப் போச்செண்டு அப்பவே சொன்னனீங்கள், என்ன அத்தான்?"

தலையாட்டினார். பிறகு, ஒரு பக்கம் கோணிய வாயால் சிரித்தார்.

வயர்களை மாற்றிக் கொடுத்தேன். தாள் வலையோடு ஒட்டிக்கொண்டது. அக்கா தாளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு நாளும் எல்லாம் விளங்கிக்கொண்டுதான் இருந்தனீங்களோ?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப நீங்களே சொல்லுங்கோ. காரை விக்கிறதோ?"

அவர் உதடுகள் கோணின. கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் இருவரும் குறுக்கே பேசாமல் காத்திருந்தோம்.

"வே... வேண்டாம்."

அந்தக் கிழமைக்குள்ளேயே அவரைத் திரும்பவும் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன், அந்தக் காரிலேயே. பக்கத்தில் இருந்தவர், நான் கியர் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்.