கண்ணாடியில் மூன்று பட்டை

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தின் வெப்பமானியைப் பொருத்தியிருந்தோம். உருகிய இரும்பைத் தொடாமல், அதன் ஒளியைப் பார்த்தே சூட்டைச் சொல்லும் கருவி. ஆலையில் ஏற்கெனவே அந்த வகையில் பழையது ஒன்று இருந்தது. ஆனால் கண்ணாடியில் தூசி படிந்தால் அது குறைத்துக் காட்டும். எங்களுடையது ஒளியின் இரண்டு அலைகளைப் பிரித்து ஒன்றோடொன்று ஒப்பிடும். தூசி இரண்டையும் ஒரே அளவில் மங்கச் செய்தால் விகிதம் மாறாது, சூடும் பிசகாது. நாற்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட வேலை இதுதான்.

ஆய்வகத்தில் எல்லாம் சரியாக வந்தது. ஆலையிலோ முதலில் கேபிள் கருகியது, பிறகு கருவிக்குள் புகை புகுந்து எண்கள் தாறுமாறாக ஓடின. இரண்டையும் நான் சரிசெய்து முடிப்பதற்குள் மேலாளர் பொறுமை இழந்தார்.

“ஆயுத பூஜை முடிஞ்சி உலை ஏத்தற அன்னிக்குக் கடைசியா ஒரு தபா பாத்துரலாம் மேடம். அன்னிக்கும் தப்பா காட்டுச்சின்னா கழட்டிக்கினு போய்டுங்க. எனக்கும் மேல பதில் சொல்ல வேண்டிது கீது.”

கழற்றினால் என் ஆய்வு ஆய்வகத்தோடு நின்றுவிடும். இன்னொரு ஆலை இடம் கொடுக்காது.

அன்று காலை செவ்வாப்பேட்டையிலிருந்து கிளம்பும்போதே லென்ஸ் துடைக்கும் துணியைத் தனி உறையில் போட்டுக்கொண்டேன். புதுக் கண்ணாடி போலத் துடைத்துவிட்டு அளப்பது, பிறகு மெல்ல மெல்லத் தூசி படியவிட்டுப் பார்ப்பது என்பது என் திட்டம். புதுவாயலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் உடைத்த பூசணிக்காய் இன்னும் கிடந்தது. உள்ளே உலை அதற்குள் தகதகத்துக்கொண்டிருந்தது.

மேடை ஏறிப் பார்த்தேன். இரண்டு கருவிகளின் கண்ணாடியிலும் குழைத்த விபூதி, அழுத்தமாக மூன்று பட்டை.

“யார் இதைப் பூசினது?”

“நாந்தான் மேடம்,” என்றார் உலையைக் கவனிக்கும் மூத்த தொழிலாளி. “மோட்டாருக்கு, கிரேனுக்கு, தராசுக்கெல்லாம் இட்டுட்டு இத்த மட்டும் வுட்டா கோச்சிக்காதா? அதுவும் கண்ணு மாறியே கீது.”

“யோவ், கண்ண மூடிட்டியேய்யா!” என்று தலையில் அடித்துக்கொண்டார் மேலாளர்.

துணியை எடுத்தேன். கண்ணாடி ஏற்கெனவே நன்றாகச் சூடேறியிருந்தது. ஈரம் பட்டால் விரிசல் விழும். காய்ந்த விபூதியை அப்படியே தேய்த்தால் கீறும். துணியை உறைக்குள் வைத்துவிட்டு, “அளக்கலாம்” என்றேன். 

நீளமான கம்பியின் நுனியில் சூட்டை அளக்கும் உணரியைச் செருகி உருகிய இரும்பிலேயே முக்கி எடுப்பார்கள். ஆலை நம்புவது அந்த எண்ணைத்தான். முக்கினார்கள். பழைய கருவி வெகுவாகக் குறைத்துக் காட்டியது. எங்கள் திரையில் முக்கியெடுத்த எண்ணே, கடைசி இலக்கம் மட்டும் மாறி நின்றது.

மேலாளர் நம்பவில்லை. “இன்னொரு தபா முக்கு நைனா.”

மறுபடியும் ஒட்டியே வந்தது. சூட்டை ஏற்றிப் பார்த்தோம். எங்கள் எண்ணும் கூடவே ஏறியது. பழையது விபூதிக்குப் பின்னால் தடுமாறிக்கொண்டிருந்தது.

தூசிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நினைத்தவளுக்கு, எந்தத் தூசியையும்விடக் கெட்டியான சோதனையை ஒரே கைவீச்சில் செய்து வைத்திருந்தார்கள். குங்குமப் பொட்டு மட்டும் நல்லவேளையாகக் கண்ணாடியில் படாமல், சுற்றியிருந்த சட்டத்தோடு நின்றிருந்தது. சிவப்பு நிறம் இரண்டு அலைகளையும் ஒன்றுபோல மறைக்குமா என்பது வேறு கேள்வி. அதையும் பிறகு ஆய்வகத்தில் பார்த்துவிட வேண்டும். விபூதி சாம்பல், அது பாகுபாடு பார்க்கவில்லை.

நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. கிரேன் ஓட்டுபவர்கூட எட்டிப் பார்த்தார்.

“கழட்ட வேணாம் மேடம்,” என்றார் மேலாளர். “அந்தப் பழசக் கழட்டிரலாம்.”

“உலை ஆறட்டும், நானே தொடச்சிடறேன் மேடம்,” என்றார் பூசியவர், குற்றவாளி போல.

“வேண்டாங்க,” என்றேன். “அப்படியே இருக்கட்டும். நாளைக்கும் அளக்கணும்.”