முந்நூறு உறைகளும் ஒரு பிரஷ் பேனாவும்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் இருபத்தாறு வருஷமாகப் பேனாக் கடை வைத்திருக்கிறேன். பேனா வாங்க வருகிறவர்கள் ஒரு சுழி சுழிப்பார்கள், இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். தீபலட்சுமி முதல் நாள் வந்து நிதானமாக ஒரு 'அ' எழுதினார். எழுதிவிட்டு, பின்னால் நிற்கிறவர்களைப் பற்றிக் கவலையே இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குப் பொறுமை கிடையாது.

"என்னம்மா, பேனா வேணுமா, அந்த அ வேணுமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அழகா எழுதப் பழகுறேன்ணே. போன்ல பாத்துத்தான். பட்டையும் மெலிசுமா வரணுமாம், எனக்கு வரமாட்டேங்குது" என்று பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் காட்டினார்.

பிரஷ் பேனா. பன்னிரண்டு கலர் செட்டில் ஒன்று. முனை பழைய பல்துலக்கி மாதிரி பிய்ந்து நின்றது. எதில் எழுதினீர்கள் என்று கேட்டால், ஜெராக்ஸ் பேப்பரில் என்கிறார். எனக்கு வந்ததே கோபம்! அந்தப் பேப்பரின் சொரசொரப்பு முனையை நாலு நாளில் தின்றுவிடும். வழவழப்பான, கொஞ்சம் கனமான தாள் ஒரு கட்டு எடுத்து வைத்தேன். பெரிய மெத்தென்ற முனை கை பழகாதவர்கள் சொல்பேச்சுக் கேட்காது என்று, சின்னதாக, விறைப்பான முனை உள்ள பேனா ஒன்று கொடுத்தேன். கீழே இழுக்கும்போது அழுத்தணும், மேலே போகும்போது கையை விடணும். மார்க்கர் பக்கமே போகாதீர்கள், தாளின் மறுபக்கம் வரை ஊறும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் வந்தார். அவருக்கு வயது நாற்பத்தேழு. பண்டகசாலையில் பில் போடுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. கழனிவாசலில் அம்மாவோடு இருந்தார். அம்மா போனபிறகு அதே வீட்டில் தனியாக இருக்கிறார். ஒன்றரை வருஷத்தில் பேனாவுக்கு ஒரு வரி, தாளுக்கு ஒரு வரி என்று அவர் சொல்லிச் சேர்ந்த விவரம் இவ்வளவுதான்.

அடுப்படி டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டியிருந்ததைப் போனில் காட்டினார். சீரகம், வெந்தயம், கல்லுப்பு. எழுத்து உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது.

"டப்பா தீந்துபோச்சுண்ணே. இனி மனுசங்க பேருதான் எழுதணும். யாரு பேர எழுத?"

என்னால் பேனாவைத்தான் விற்க முடியும்.

போன கார்த்திகையில் ஒரு நாள், சனிக்கிழமைகூட இல்லை, புதன்கிழமை, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். வலையபட்டியில் இருக்கும் அவருடைய அண்ணன் வேல்பாண்டி, இவரைத் தேடிக் கழனிவாசல் வீட்டுக்கு வந்திருந்தாராம். அம்மா காரியத்துக்குப் பிறகு அவர் வந்தது இரண்டே தடவை. மகளுக்குத் தையில் கல்யாணம். தங்கச்சியின் எழுத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்திருக்கிறார். பத்திரிகை உறைகள் முந்நூறையும், யார் யாருக்கு என்கிற பட்டியலையும் கொடுத்து, நீயே எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"பத்து நாள் லீவு சொல்லிட்டேன்ணே. அத்தைக்காரி முன்னாலயே போயி நிக்க வேணாமா? பொண்ணுக்கு நாந்தான எல்லாம் பாக்கணும்."

சந்தன நிற உறை, பளபளப்பானது. இரண்டு பேனா காட்டினேன். ஒன்று தண்ணீர் பட்டாலும் கலையாத மை. ஆனால் கம்பி மாதிரி ஒரே தடிமனில்தான் எழுதும். இன்னொன்று அடர் பழுப்பு பிரஷ் பேனா. பட்டையும் மெலிசுமாக அப்படியே வழியும். தீபலட்சுமி முதல் பேனாவில்தான் கை வைத்தார். நான்தான் பெரிய மேதாவி மாதிரி, கல்யாண உறைக்கு அழகு வேண்டாமா என்று பிரஷ் பேனாவைத் திணித்தேன். ஓர் உறையில் எழுதச் சொல்லி, காயவிட்டு, கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினேன். கலையவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார். முந்நூறு பெயர். ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை.

அண்ணன் வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்து மஞ்சளைக் குழைத்திருக்கிறார்கள். உறையின் நாலு மூலையிலும் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஈரம் இறங்கி, பழுப்பும் மஞ்சளுமாகப் பெயரெல்லாம் சேறாகிவிட்டது. மஞ்சள் தடவாத பத்திரிகையை என் ஆயுசில் நான் வாங்கியதில்லை. அந்த ஈரம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

தீபலட்சுமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "வேற உறை குடுங்க, ராத்திரி பகலா உக்காந்து ரெண்டு நாள்ல எழுதித் தாரேன்னு மதினிகிட்டச் சொன்னேன்ணே. வேணாம், நாங்களே எழுதிக்கிறோம்னுட்டாக" என்றார். அந்தக் கலையாத மைப் பேனாவை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டிலிருந்து போன் இல்லை. இவரும் இரண்டு சனிக்கிழமை கடைக்கு வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை வந்து, பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். தபாலில் வந்தது. நீல பால்பாயிண்டில், அவசரக் கையெழுத்தில், 'செல்வி தீபலட்சுமி அவர்கள், கழனிவாசல், காரைக்குடி' என்று எழுதியிருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். எழுத்து ஓர் இடத்திலும் கலையவில்லை.

யாரோ ஒருவர் ரீஃபில் கேட்டார். இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

"பத்திரிகை வச்சிருக்காகண்ணே" என்றார் தீபலட்சுமி. உறையை எடுத்துப் பைக்குள் வைத்தார். "விருந்தாளின்னா எத்தன மணிக்குப் போகணும்?"

"முகூர்த்தத்துக்கு ஒரு அரை மணி நேரம் முன்னாடி போனாப் போதும்மா" என்றேன்.