தேர்ந்தவர் பெட்டியில் ஒரு புள்ளடி

பாரிசின் லா சப்பலில் வந்திறங்கிய எந்தத் தமிழருக்கும் முதற்கிழமையிலேயே ஒரு புத்திமதி இலவசமாகக் கிடைக்கும். வெள்ளைக்காரன் எதைக் காட்டித் "தெரியுமா?" என்று கேட்டாலும் "ஓம்" என்று சொல்லிவிட வேண்டும், தெரிந்துகொள்வதைப் பிறகு பார்க்கலாம். 1998இல் சொந்த ஊரான கோண்டாவிலிலிருந்து வந்த மகேந்திரராசா இதைத் தேவாரம் போல மனப்பாடம் செய்துகொண்டவர். பீட்சா போடத் தெரியும் என்று சொல்லி வேலைக்குப் போன அன்றுதான் பீட்சா என்ற சாமானையே முதன்முதலில் கண்டார். மீன் வெட்டவும் ஓம், கேக் சுடவும் ஓம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தும்விட்டார். 2014இல் சென் தெனியிலுள்ள ஓர் அலுவலகக் கன்ரீனில் அவர் பன்னிரண்டு வருடச் சமையற்காரர்.

அந்த வருடம் துணைத் தலைமைச் சமையற்காரர் இடம் காலியானது. அதை யாருக்குக் கொடுப்பதென்பது குசினித் தலைவர் ழான்-லூக்கின் கையில் இருந்தது. ழான்-லூக், வேலை நேரத்தில் பாதியைத் தான் பனிமலைகளில் ஸ்கீப் பலகைகளில் சறுக்கிப் பறந்த கதைகளை அளந்தே போக்குகிறவர். மாசி மாதம் வேலையிடத்தில் ஜூரா மலைக்கு இரண்டு நாள் பயணம் ஒழுங்கு செய்தார்கள். இயந்திரம் வழித்துச் சமன் செய்த சரிவில் அல்ல. காட்டுக்குள்ளால் பல நாள் தூரம் நீளும் பனிப்பாதையில் ஒரு துண்டு. ழான்-லூக் முதலாவதாகப் பெயர் கொடுத்தார். அடுத்த பெயர் மகேந்திரராசாவுடையது. அந்தத் துணைத் தலைமை இடத்தின்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை.

படிவத்தில் மூன்று பெட்டிகள் இருந்தன: புதியவர், ஓரளவு பழகியவர், தேர்ந்தவர். படிவத்தில் குறைத்து எழுதியவனுக்குக் குறைவாகவே கிடைக்கும் என்பது மகேந்திரராசாவின் அனுபவம். மூன்றாவதில் புள்ளடி போட்டார்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு ஸ்கீ தெரியுமோ?" என்று மனைவி தில்லைநாயகி கேட்டார்.

"ஓம்."

"எங்கை பழகினியள்? கோண்டாவிலிலை ஸ்னோ கொட்டினதோ?"

அவர் டெலிபோனில் ஸ்கீ வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு, கம்பளிக் காலுறையோடு குசினித் தரையில் சறுக்கிப் பழகினார். இரண்டாம் நாள் பிரிட்ஜில் மோதியதோடு பயிற்சி நிறைவுபெற்றது.

ஜூராவில் புதியவர்களை வழிகாட்டி ஒருவர் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தேர்ந்தவர்களுக்கு வழிகாட்டி எதற்கு? ழான்-லூக்கும் மகேந்திரராசாவும் தனியாகப் புறப்பட்டார்கள். ஓரளவு பழகியவர் என்று எழுதியிருந்தவர் காசாளர் ஜிஸ்லேன் மட்டுமே. அறுபத்தொரு வயதுப் பெண்மணி. பாவம், தனியே விடலாமா என்று அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஏற்றம் பெரிய துன்பமில்லை. பின்னால் வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டி ஒன்று உண்டு. அதன் புண்ணியத்தில் ஏறினார். ஒன்பது தரம் விழுந்தார். ஒவ்வொரு தரமும் சப்பாத்தைச் சரிசெய்பவர் போல நடித்தார். மத்தியானம் மேட்டுக்கு வந்தபோது பனிப்புகார் மூடியது. பாதை மரங்களுக்கிடையே செங்குத்தாக இறங்கியது. ழான்-லூக் நின்றார். அவர் பிரெஞ்சில் சொன்னதை நம் பாசையில் சொன்னால் இப்படி வரும்:

"நீ முன்னுக்குப் போ, ராசா. ஜிஸ்லேன் உன்ரை தடத்திலை வரட்டும். நான் கடைசியா வாறன்."

மகேந்திரராசா கீழே எட்டிப் பார்த்தார். தன் பல்லை உடைத்துக்கொள்வது தன் பாடு. பின்னால் ஒரு மனுசி தன்னை நம்பியல்லவா இறங்கப் போகிறார். சொன்னால் துணைத் தலைமை போச்சு. சொல்லாவிட்டால் ஜிஸ்லேனின் எலும்பு போச்சு.

"எனக்குத் தெரியாது," என்றார். "ஒருநாளும் செய்யேல்லை. சும்மா புள்ளடி போட்டனான்."

பதினாறு வருடத்தில் அவர் இந்த வசனத்தைப் பிரெஞ்சில் சொன்னதே இல்லை. வாய் குழறியது.

ழான்-லூக்கின் முகம் வெளிறியது. கிட்ட வந்து மெல்லக் கேட்டார்.

"உண்மையாவே தெரியாதோ? நான் உன்னை நம்பியெல்லோ வந்தனான்."

விசாரித்ததில், ஆள் கடைசியாக ஸ்கீ போட்டது பதினாலு வயதில், பள்ளிக்கூடப் பயணத்தில். அன்றைக்கே கை முறிந்ததாம்.

ஜிஸ்லேன் இரண்டு வீரர்களையும் மாறிமாறிப் பார்த்தார். "வரைபடத்தைத் தாங்கோ. ஸ்கீயைக் கழட்டித் தோளிலை வையுங்கோ," என்றார். சுற்றுவழியாக மரம் ஏற்றும் வண்டிகளின் பாதை ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் பூப்போலச் சறுக்கி முன்னே போய், திருப்பங்களில் காத்து நின்றார். தேர்ந்தவர்கள் இருவரும் தொடையளவு பனியில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, நாலு மணிக்குத் தங்குமடத்தை அடைந்தார்கள்.

ஜிஸ்லேன் ஈர உடுப்பைக் காயப்போடப் போனதும், ழான்-லூக் இரண்டு கோப்பை சூப்போடு வந்து ஒட்டி உட்கார்ந்தார்.

"துணைத் தலைமை உனக்குத்தான். திங்கள்லையிருந்து. ஒரு சின்ன விசயம். மேலை நடந்ததைக் குசினியிலை கதைக்க வேண்டாம். ஜிஸ்லேனிட்டையும் சொல்லிப்போட்டன்."

மகேந்திரராசாவுக்கு நெஞ்சுவரை வந்த சந்தோசம் பாதியில் நின்றது. பன்னிரண்டு வருடம் காய்ச்சி ஊற்றியதற்குக் கிடைக்காதது அரை நாள் கூத்தைப் பற்றி வாயை மூடுவதற்குக் கிடைக்கிறது. கோபம் வந்தது.

"வாயை மூடுறதுக்கோ தாறியள், சமையலுக்கோ?"

"சமையலுக்குத்தான்," என்றார் ழான்-லூக், கேள்வி முடியுமுன்னரே.

அந்த வேகத்தில் வருகிற பதிலை மகேந்திரராசாவைவிட நன்றாக அறிந்தவர் பாரிசில் யார்? அவர் அதை விற்றுத்தானே இவ்வளவு காலமும் சாப்பிட்டார். எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். சொல்ல மனம் வரவில்லை. சூப்பைக் குடித்து முடித்துவிட்டு, வீட்டுக்கு டெலிபோன் எடுத்தார்.

விசயத்தைக் கேட்ட தில்லைநாயகி, "இவ்வளவு காலமும் தராதவன் இப்ப என்னத்துக்குத் தந்தவன்?" என்றார்.

"சமையலுக்குத்தான்," என்றார் மகேந்திரராசா, கேள்வி முடியுமுன்னரே.