அட்டை மூடிய கிளாஸ்

மெல்வின் பார்ஜிட்டர் அடித்து நான் பார்த்த முதல் ஆள் ஒரு பல் டாக்டர். வெளியூர்க்காரர், பாவம். மதியச் சாப்பாட்டுக்கு என் பப்புக்குள் நுழைந்தவர், சுவரில் மாட்டியிருந்த 'ஹேமர்யார்ட்' பாட்டுக்குழுவின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, இவங்களா? பிரேசில்ல மட்டும் ஓடுற பேண்ட்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அடுத்த நொடி அவருடைய முன்பல் இரண்டும் பட்டாணிக் கிண்ணத்துக்குள் கிடந்தன. மெல்வின் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தான்.

"கிண்ணம் ஒண்ணும் உடையலையே சித்ரா?" என்று அக்கறையாக விசாரித்தான்.

கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றி, எதிர் நடிகரின் போஸ்டரில் சாணி அடிக்கிற மதுரையில் பிறந்தவள் நான். கல்யாணமாகி இங்கிலாந்தில் இந்த க்ரேட்லி ஹீத்துக்கு வந்து, கணவர் போன பிறகும் 'நங்கூரம்' என்கிற அந்தப் பப்பைத் தனியாக நடத்தியவள். ரசிகன் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் மெல்வினைப் போல ஒருவனை மதுரைகூடப் பெற்றதில்லை.

அவன் அப்பா சங்கிலிப் பட்டறைக்காரர். சுத்தியல் சத்தத்திலேயே வாழ்ந்து காது செவிடாகிப் போனவர். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். தம்பி ஹெட்லியைத் தோளில் தூக்கி வளர்த்தது மெல்வின்தான். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு அவனும் பட்டறைக்குப் போனான். அடுத்த உலையில் சங்கிலி அடித்துக்கொண்டிருந்தவன் லெனி கோப். பட்டறை வேலை முடிந்தால் பாட்டு. எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த ஹேமர்யார்டுக்கு அவன்தான் பாடகன்.

முதல் ரெக்கார்டுக்காக லெனி ஒலிப்பதிவுப் பெட்டியைப் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு வந்தான். மெல்வின் அப்போது மீசை அரும்பாத பயல். "நீ பாட்டுக்கு அடிடா, எங்களைப் பாக்காத" என்று லெனி சொல்ல, இவன் அடித்தான். இரண்டு சின்ன அடி, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒரு பெரிய அடி. டிங், டிங்... டம். முதல் பாட்டு அந்தச் சத்தத்தில்தான் தொடங்கும். ரெக்கார்டு உறையில் அவன் பெயர் இல்லை. ஆனால் ஊருக்கே தெரியும்.

மூன்று ரெக்கார்டு வந்தது. பிறகு ஒரு நவம்பரில், மூடுபனியில், நெடுஞ்சாலையில் வண்டி கவிழ்ந்து லெனி செத்தான். மற்ற மூவரும் தெற்கிலிருந்து ஒரு புதுப் பாடகனைக் கூட்டி வந்தார்கள். வாயில் தேன் தடவிய குரல். துறைமுகத்தில் காத்திருக்கும் காதலியைப் பற்றி அவன் பாடிய ஒரு மெதுவான பாட்டு இங்கே சீந்துவாரில்லாமல் கிடந்தது. பிரேசிலிலோ தீயாகப் பரவிவிட்டது. அங்கே கல்யாண வீடுகளில் அதுதான் பாட்டு, மைதானம் கொள்ளாத கூட்டம். அதற்குள் எங்கள் ஊரில் உலை அணைந்து பட்டறை கார்ப்பெட் கடையாகிவிட்டது. மெல்வினின் சுத்தியல் இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே இடம் அந்த முதல் ரெக்கார்டுதான். அதை அவன் முஷ்டியால் காவல் காத்தான்.

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் முதல் சனிக்கிழமை மதியம், லெனி நினைவாக நங்கூரத்தில் கூட்டம் கூடும். நான் ஒரு பெரிய பானை நிறையப் பட்டாணியும் பன்றிக்கறியும் போட்டு வைப்பேன். லெனியோடு பேண்ட் செத்துவிட்டது என்பது பழைய கட்சி. அதற்கு மெல்வின் தலைவன். உலகம் கொண்டாடுகிற பாட்டுதான் நிற்கிற பாட்டு என்பது புதுக் கட்சி. அதற்குத் தலைவன் பஸ் ஓட்டுகிற கோலின் ஸ்கெல்டிங். இரண்டாவது ரவுண்டு வரை பேச்சு, அப்புறம் வசவு, அப்புறம் கொல்லைப்புறம்.

கொல்லைப்புறத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சண்டைக்குப் போகிறவன் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிக் கவுன்டரில் வைக்க வேண்டும். தன் கிளாஸை, அடியில் வைக்கிற அட்டையாலேயே மூடிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வருவேன் என்று அர்த்தம். அந்தக் கிளாஸை இன்னொருவன் தொட்டால் அவன் கை அவனுக்குச் சொந்தமில்லை. திரும்பி வந்தவன் மன்னிப்பும் கேட்கக் கூடாது, விளக்கமும் சொல்லக் கூடாது. பேசாமல் அட்டையை எடுத்துவிட்டுக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் சண்டை முடிந்தது. குடிக்காதவரை முடியவில்லை.

ஹெட்லி கப்பலில் வெல்டர் வேலைக்குப் போய் பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்தில் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு வந்தது எண்பத்தாறில். வந்த கையோடு நவம்பர் கூட்டம். பையனுக்கு வாய் நிற்கவில்லை.

"நான் பாத்தேன் அண்ணே, கண்ணால பாத்தேன். எண்பதாயிரம் பேர்! ஒருத்தனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. அத்தனை பேரும் அழுதுக்கிட்டே பாடறான்."

"அழுறதுக்கு வெங்காயம் போதுமே. பேண்ட் எதுக்கு?" என்றான் மெல்வின்.

கூட்டம் சிரித்தது. ஹெட்லிக்கு முகம் சிவந்தது.

"இங்க எத்தனை பேர் இருக்கோம்? எண்ணிப் பாரு. எட்டுப் பேரு, ஒரு நாயி. அந்த நாயும் பட்டாணிக்கு வந்தது."

"எட்டுப் பேர்னாலும் லெனியைத் தெரிஞ்ச எட்டுப் பேருடா. அவனுங்க கேக்கறது ஹேமர்யார்டே இல்ல. சர்க்கரைப் பாகு!"

"லெனி, லெனி, லெனி! லெனி இருந்திருந்தா இந்த பேண்டை இந்தத் தெருவத் தாண்டி ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். உனக்கு லெனி மேல ஆசையில்ல அண்ணே. உன் சுத்தியல் மேல ஆசை. அந்த டிங் டிங் டம்மை உலகத்துல ஒருத்தனும் கேக்கல. அதான் உனக்கு வயித்தெரிச்சல்!"

கோலின்கூட, "விடு ஹெட்லி, வேணாம்" என்றான். மெல்வின் தன் கிளாஸ் மேல் அட்டையை வைத்தான். தம்பியும் வைத்தான். ஹெட்லி கடிகாரத்தைக் கழற்றினான். மெல்வின் விரலில் பட்டறை மூடிய அன்று தானே அடித்துப் போட்டுக்கொண்ட இரும்பு வளையம் இருந்தது. அதை அவன் கழற்றவில்லை. மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதில்லை, கேட்கப் பயம்.

நான் கதவருகே நின்று பார்த்தேன். முதல் அடி வயிற்றில். ஹெட்லி குனிந்தான். இரண்டாவது அடி முகத்தில் இறங்கியபோது ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். ஹெட்லி இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பீர்ப் பீப்பாய்கள் மேல் விழுந்தான். விரலிடுக்கில் வழிந்தது ரத்தம் மட்டுமில்லை. மெல்வினுக்கு அது உறைக்கவில்லை. இன்னும் இரண்டு உதை விட்டான். கோலினும் இன்னொருவனும் கழுத்தைப் பிடித்து இழுத்த பிறகுதான் நின்றான்.

கண் போய்விட்டது. ஹெட்லி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கப்பலேறி சாண்டோஸுக்கே போய்விட்டான். மெல்வின் ஜெயிலுக்குப் போனான். என் கவுன்டரில் இரண்டு கிளாஸ் அட்டை மூடியபடி ஒரு வாரம் நின்றன. நாற்றம் தாங்காமல் நான்தான் கொட்டினேன்.

ஜெயிலிலிருந்து வந்தவன் முதல் வேலையாக அந்த வளையத்தைக் கால்வாயில் எறிந்தான். குடியைக் குறைத்தான், கோபம் மட்டும் குறையவில்லை. நவம்பர் வந்ததும் ஒரு கிளாஸ் பீர் வாங்கி, அட்டையால் மூடி, ஹெட்லி வழக்கமாக நிற்கிற ஜன்னலோரத்தில் வைத்தான். "என்னடா இது?" என்றேன். "அவனோடது. அவன் இன்னும் வரலியே" என்றான். அதன்பிறகு ஒவ்வொரு நவம்பரும் அந்தக் கிளாஸ். கேலி செய்த ஒருவனுக்கு விலா எலும்பு மூன்று போயிற்று. போதையில் அட்டையைத் தூக்கிப் பார்த்த இன்னொருவனின் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். நாலு தடவை பப்புக்குள் வராதே என்று துரத்தியிருக்கிறேன். நவம்பர் வந்தால் மனசு கேட்காமல் நானே விட்டுவிடுவேன். தப்புதான், ஆனால் அந்த ஜன்னலோரக் கிளாஸைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது.

இருபத்தைந்து வருஷம் இப்படியே ஓடியது. அந்த வருஷக் கூட்டத்திலும் அதே சண்டை. புதுப் பாடகன் சாவோ பாலோவில் கடைசிக் கச்சேரி பாடுகிறான் என்று பத்திரிகையில் வந்திருந்தது. கோலின் அதைப் படம் போட்ட பக்கத்தோடு விரித்து வைத்துக்கொண்டான்.

"பாருடா மெல்வின், கூட்டத்த. லெனியோட சமாதிக்கு உன்னையும் என்னையும் விட்டா ஒரு காக்காகூட வர்றதில்ல."

"காக்கா வரலைன்னா அது லெனி தப்பா? காக்காவுக்கு ரசனை பத்தல."

மெல்வினுக்குத் தலை நரைத்து, முதுகு லேசாக வளைந்திருந்தது. கை மட்டும் அதே கை. அவன் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கதவைத் திறந்துகொண்டு ஒரு பையன் வந்தான். இருபது இருபத்திரண்டு வயசு, மாநிறம், மழையில் நனைந்திருந்தான். சட்டையில் துறைமுகப் பாட்டின் படம், புதுக் கட்சிப் படம். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றிலும் பார்த்தான். ஜன்னலோரத்துக்குப் போனான். அட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கிளாஸைத் தூக்கிக் குடிக்க ஆரம்பித்தான்.

"டேய்!" என்று நான் கத்தினேன். பாதிக் கிளாஸ் காலியாகிவிட்டது.

மெல்வின் நாற்காலியை உதறி எழுந்ததுதான் தெரியும். பையன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது, அதுதான் என்னால் மறக்க முடியவில்லை. முதல் குத்திலேயே தாடை உடைகிற சத்தம் எனக்குக் கவுன்டர் வரை கேட்டது. அவன் ஜன்னல் கட்டையில் மோதிச் சரிந்தான். மெல்வின் சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று கொடுத்தான், வாயிலேயே. "யார் கிளாஸ்டா அது! யார் கிளாஸ்!" என்று கத்திக் கத்தி அடித்தான். கோலின் அவன் முதுகில் தொங்கினான். நான் பட்டாணிக் கரண்டியால் அவன் மண்டையில் போட்டேன். அப்போதும் விடவில்லை.

பையனால் பேச முடியவில்லை. வாய் நிறைய ரத்தம், தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. இரண்டு கையையும் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. ஒரு கையை மட்டும் நீட்டி, ஜன்னல் கட்டையில் விரல் முட்டியால் தட்டினான். இரண்டு சின்னத் தட்டு, இடைவெளி, ஒரு பெரிய தட்டு. மறுபடி இரண்டு, ஒன்று.

டிங், டிங்... டம்.

மெல்வினின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கட்டையில் வைத்தான். கடற்கரை, ஒரு ரெக்கார்டு பிளேயர், பக்கத்தில் இடது கண்ணில் கறுப்புத் துணி கட்டிய ஒரு ஆள், அவன் மடியில் ஒரு குழந்தை. நான் ரத்தத்தைத் துடைத்து, பேப்பரும் பேனாவும் கொடுத்தேன். பையன் கோணல் மாணலாக எழுதினான். நான் சத்தமாகப் படித்தேன்.

"என் பேர் காயோ பார்ஜிட்டர். அப்பா மார்ச்சில் இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த ரெக்கார்டு போடுவார். சுத்தியல் வரும்போது, 'இது உன் பெரியப்பா' என்பார். எங்கள் தெருவுக்கே உங்களைத் தெரியும். சாகும்போது, 'அண்ணன் என் கிளாஸை எடுத்திருக்க மாட்டான், போய்க் குடித்து முடி, பேசாதே, அதுதான் முறை' என்றார்."

சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நடத்தியவன் அந்தப் பையன் ஒருவன்தான், அவனைத்தான் அடித்து உடைத்திருக்கிறோம். "படுபாவி, உன் தம்பி பிள்ளைடா!" என்று மெல்வினைப் பார்த்துக் கத்தினேன். அவன் போட்டோவைத் தொடப் போனான். தன் விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தொடவில்லை.

மெதுவாகத் தன் மேஜைக்குப் போனான். கடிகாரத்தைக் கழற்றி வைத்தான். அட்டையை எடுத்துத் தன் கிளாஸை மூடினான். கதவைத் திறந்துகொண்டு கொல்லைப்புறத்துக்குப் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி மழையில் நின்றான். பையன் தன்னை அடிக்க வருவான் என்று காத்திருந்தான்.

பையன் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினான். பிறகு மீதிப் பாதிக் கிளாஸைத் தூக்கி, உடைந்த வாயைச் சாய்த்து, பாதி உள்ளேயும் பாதி சட்டையிலுமாக ஊற்றிக்கொண்டு காலி செய்தான். நோவில் கண்ணீர் கொட்டியது. காலி கிளாஸை என்னிடம் நீட்டினான்.

நான் அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினேன்.

"உள்ள வா மெல்வின். குடிச்சிட்டான் பாரு, சொட்டு மிச்சமில்ல. ஹெட்லி சண்டை முடிஞ்சுது. வந்து புள்ளையப் பிடிச்சுக்க, ஆம்புலன்ஸ் வருது."

அவன் கிளாஸைப் பார்த்தான். கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை.

"அவன் என்னை ஒரு அடிகூட அடிக்கலையே சித்ரா," என்றான். "அடி விழாம எப்படி முடியும்?"

ஆம்புலன்ஸ் வந்து பையனை ஏற்றிக்கொண்டு போகும்வரை அவன் அங்கேயே நின்றான். உள்ளே அவனுடைய கிளாஸ் அட்டை மூடியபடி இருந்தது. அதைக் குடிக்க அவன் வரவில்லை.